எழுதிக் கொடுத்த எடை

அந்த வண்டியை நிறுத்தி வைத்துப் பார்த்தவர்கள் "அடேங்கப்பா" என்றார்கள். ஓட்டிப் பார்த்தவர்கள் "அடப்பாவி" என்றார்கள். இரண்டு புகழும் ஒரே ஆளைத்தான் சேரும். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் சின்னவர் அவர். கடைக்கு வருகிறவர்களின் கண்ணைக் கால் பாயின்ட் பிசகாமல் சோதித்து, "இது தெளிவா, இல்ல இது தெளிவா?" என்று பத்துத் தடவை கேட்டு எழுதிக் கொடுக்கிற மனிதர், சொந்த வண்டி விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில் குதித்துவிட்டார்.

வண்டி அப்பாவுடையது. உருண்டை முதுகு, ஒல்லி டயர், முகத்தில் எப்போதும் ஒரு ஆச்சரியம். அப்பா இருந்தவரை தானுண்டு தன் வேலையுண்டு என்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் போன பிறகு சின்னவர் வீட்டு ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது. அதோடு சும்மா விட்டிருக்கலாம். ஆனால் சின்னவர் கைப்பேசியில் பழைய வண்டிப் பிரியர்கள் குழு ஒன்றில் சேர்ந்திருந்தார். குழுவில் நூற்றியெண்பது பேர். வண்டி வைத்திருந்தவர்கள் பதினொரு பேர். மீதிப் பேர் ஆலோசனை வைத்திருந்தார்கள்.

அகலமான டயர் போட்டால் வண்டிக்கு ஒரு மிடுக்கு வரும் என்றார் ஒருவர். சக்கரத்துக்குப் பின்னால் வளையம் வைத்து வெளியே தள்ளினால்தான் அந்த மிடுக்கு எடுபடும் என்றார் இன்னொருவர். ஸ்பிரிங்கை இரண்டு சுற்று அறுத்து வண்டியைத் தரையோடு தரையாக இறக்கினால்தான் அது வண்டி, இல்லாவிட்டால் வெறும் தகரம் என்றார் மூன்றாமவர். சின்னவர் யார் மனதையும் நோகடிக்க விரும்பாதவர். மூன்று பேர் சொன்னதையும் ஒரே வாரத்தில் செய்து முடித்துப் படம் எடுத்துப் போட்டார். இருநூற்றுப் பதினான்கு பேர் இதயம் போட்டார்கள். குழுவில் இருப்பதே நூற்றியெண்பது பேர்தானே என்று அவர் யோசிக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் வாசலை விட்டு வெளியே எடுத்துத் திருப்பினார். "கர்ர்ர்" என்று ஒரு சத்தம். சக்கரத்தின் மேல் வளைந்திருக்கும் மட்கார்டுத் தகட்டில் டயர் உரசியது. பதறிப்போய் எதிர்ப்பக்கம் ஒடித்தார். உள்ளே ஸ்டியரிங் கம்பியில் உரசியது. நேராகப் போனால் ஒரு குறையும் இல்லை. கடை நான்கு தெரு தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் பெரிய வளைவுகளாகத் தேடித் தேடிப் போனதில் அன்றைக்கு ஒன்பது கிலோமீட்டர் சுற்றிக் கடையைத் திறந்தார். குழுவில் கேட்டதற்கு நூற்றியெண்பது பேரும் கலந்து பேசி, "ஸ்டியரிங்கை முழுசா ஒடிக்காதீங்க" என்று பதில் சொன்னார்கள்.

இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். நடுவில் அண்ணன் வந்தார்.

அண்ணன் ஹோட்டல் நடத்துகிறவர். அதுவும் சாதாரண ஹோட்டல் இல்லை, சாப்பிட்டால் எடை குறையும் ஹோட்டல். வாசலில் ஆளுயரப் பலகை. அதில் அண்ணனின் இரண்டு படங்கள், ஒன்றில் குண்டாக, இன்னொன்றில் ஒல்லியாக. கீழே "அன்று 107, இன்று 78. நானே சாட்சி!" என்று கொட்டை எழுத்து. பலகை வைத்து நான்கு வருஷமாகிறது. சாட்சி அதற்குள் பழைய படத்துக்கே திரும்பிவிட்டார். பலகை மட்டும் சொன்ன சொல் மாறாமல் நின்றது.

"டேய், வண்டியை எனக்குக் குடுத்துடு" என்றார் அண்ணன், ஷெட்டுக்கு வந்து நின்று. "நடுவுல அறுத்து, முன்பாதியைக் கொண்டுபோய் ஹோட்டல்ல கல்லாவா வைக்கப் போறேன். நான் அந்த முன் சீட்டுல உக்காந்துதான் பில்லு போடுவேன். பின்பாதி வேணும்னா நீயே வச்சுக்க."

அந்த வண்டியில் முன் சீட் எப்போதும் அண்ணனுக்குத்தான். அப்பா ஓட்டுவார், அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவார். சின்னவர் பின்னால், அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவில், ஜன்னல்கூடக் கிடைக்காமல். இப்போது முன்பாதி அண்ணனுக்காம், பின்பாதி இவருக்காம். அப்பாவை ரம்பத்தால் அறுக்கிற மாதிரி இருந்தது அவருக்கு.

"ஓடுற வண்டியை எவனாவது அறுப்பானா அண்ணா?"

"ஓடுதா? திரும்பவே மாட்டேங்குதுன்னு ஊரெல்லாம் சிரிக்குது. சரி, நான் நியாயமான ஆளு. வர்ற பழைய வண்டி ஊர்வலத்துல பூங்கா நீரூத்தை ஒரே திருப்புல சுத்தி வந்துடு. ரிவர்ஸ் போடக்கூடாது, உரசக்கூடாது. வந்துட்டா வண்டி உனக்கு. உரசிச்சுன்னா எனக்கு. நானே பக்கத்துல உக்காந்து காதால கேப்பேன்."

சின்னவர் ரோஷத்தில் சரி என்றுவிட்டார். வீட்டுக்குள் போனதும் மனைவி கேட்டார்: "என்னங்க, நம்ம வாசலையே அது ஒரே திருப்புல தாண்டாதே?"

அப்படித்தான் அவர் மில்லிமீட்டரிடம் போய்ச் சேர்ந்தார். மில்லிமீட்டர் என்பது பட்டறை வைத்திருக்கும் ஒரு அம்மாளின் பட்டப்பெயர். ஐம்பது வயது, காதில் பென்சில், சட்டைப் பையில் இரும்பு ஸ்கேல். ஸ்டியரிங், முன்சக்கரம் இரண்டைத் தவிர வேறு வேலை எடுக்க மாட்டார். "கொஞ்சம்", "லேசா" மாதிரி வார்த்தைகளை அவர் பட்டறைக்குள் சொல்லக் கூடாது.

"லேசா உரசுது மேடம்" என்றார் சின்னவர்.

"லேசான்னா எத்தனை மில்லிமீட்டர்?"

அந்த அம்மாள் வண்டிக்கடியில் படுத்து, எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டார்.

"யாரு சார் இதைச் செஞ்சது?"

"குழுவுல சொன்னாங்க..."

"குழுவையே கூட்டிட்டு வந்து தள்ளச் சொல்லுங்க." பந்தயக் கதையைக் கேட்டதும் அவரே மனமிரங்கினார். "இதுக்கு ஒரு சோம்பேறி வழி இருக்கு. சக்கரம் ஒரு அளவுக்கு மேல திரும்பாம தடுக்கிற போல்ட் ஒண்ணு இருக்கு. அதை வெளிய இழுத்து வச்சா டயர் தகடு வரைக்கும் போகவே போகாது. உரசாது. ஆனா நீரூத்தை ஒரே திருப்புல சுத்த முடியாது. உங்களுக்கு ரெண்டும் வேணும், இல்லையா?"

"ரெண்டும் வேணும் மேடம். இல்லேன்னா எங்கப்பா வண்டியை அறுத்துடுவாங்க."

அந்த அம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேலையில் இறங்கினார். முதலில் பூங்காவுக்குப் போய் நீரூற்றைச் சுற்றியுள்ள சாலையை டேப் வைத்து அளந்தார். சக்கரத்தை வெளியே தள்ளிய வளையத்தைக் கழற்றிப் பாதி தடிமனில் வேறு வைத்தார். தகட்டின் கீழ் விளிம்பைச் சூடு காட்டி உள்பக்கமாக மடித்தார். ஸ்டியரிங் கம்பியை ஒரு விரற்கடை நகர்த்தினார். வாரம் பத்து நாள் ஆயிற்று. பிறகு எழுதுபொருள் கடையில் வாங்கிய, குழந்தைகள் பொம்மை செய்யும் களிமண்ணை ரோஸும் பச்சையுமாக உருட்டி, மட்கார்டுக்குள் பத்து இடத்தில் ஒட்டினார். சக்கரத்தை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்துப் பார்த்து, எந்த உருண்டை எவ்வளவு நசுங்கியது என்று ஸ்கேல் வைத்து அளந்தார்.

"காலி வண்டிக்குச் சரியா இருக்கு. ஆனா ஆள் ஏறினா வண்டி அமுங்கும். திரும்பும்போது வெளிப்பக்கமாச் சாயும். அந்தப் பக்கம் உக்கார்றவங்க வெயிட் மொத்தமும் அந்தச் சக்கரத்து மேல இறங்கும். ஊர்வலத்துக்கு எத்தனை பேரு?"

"அஞ்சு பேரு. எத்தனை சீட்டோ அத்தனை பேரும் உக்காரணும்னு ஊர்வலம் நடத்துற சங்கத்துல சட்டம்."

"அஞ்சு பேரோட எடையும் எனக்கு வேணும். யாரு எந்த சீட்டுங்கறதும் வேணும். அதுக்குத் தகுந்த மணல் மூட்டை வச்சுப் பார்ப்பேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்க."

இங்கேதான் வினை ஆரம்பித்தது. எல்லாவற்றையும் அளந்த அந்த அம்மாள், மனிதர்களை மட்டும் நம்பிவிட்டார்.

தாள் சாப்பாட்டு மேஜையில் வைக்கப்பட்டது. மனைவி பேனாவை எடுத்து, கூரையைப் பார்த்து, 58 என்று எழுதினார். அது அவருடைய கல்யாண வருஷத்து எடை. கல்லூரியில் படிக்கும் மகள் 49 என்றாள். மனைவியின் தம்பி, அதாவது மச்சான், போன மாதம்தான் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்திருந்தான். அவன் முண்டா பனியனோடு வந்து 85 என்று அழுத்தி எழுதினான். "எல்லாம் தசை மாமா" என்றான். சின்னவர் தன் பங்குக்கு 66 போட்டார். உள்ளதில் எட்டுக் கிலோ குறைச்சல், ஆனால் எட்டுக் கிலோ என்ன பெரிய எடையா என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். தாள் ஹோட்டலுக்குப் போனது. அண்ணன் பலகையைத் திரும்பிப் பார்த்தார். 78 என்று எழுதி, வால் நீட்டிக் கையெழுத்தும் போட்டார்.

மூட்டைகள் ஏறின. களிமண் நசுங்கவே இல்லை. "மிச்சம் எட்டு மில்லிமீட்டர்" என்றார் அந்த அம்மாள். அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது.

ஊர்வலத்தன்று பூங்காவில் நல்ல வெயில், நல்ல கூட்டம். சங்கத்தார் நுழைவாயிலில் சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு தராசுப் பலகைகளைப் போட்டு, ஒவ்வொரு காலி வண்டியையும் அதில் ஏற்றி எடை பார்த்தார்கள். சங்கச் செயலாளர் மைக்கைப் பிடித்து வண்டியின் வயதையும் எடையையும் ஊருக்கே கேட்கிற மாதிரி அறிவித்தார். அந்த மைக்கை அவரிடமிருந்து பிடுங்க ஒரு கலகம் தேவைப்படும்.

பின்சீட்டில் மனைவி, மகள், மச்சான் ஏறினார்கள். கடைசியாக அண்ணன் முன் சீட்டில் உட்கார்ந்தார். சீட் "ஹூம்ம்" என்று மூச்சு விட்டது. வண்டி ஒரு பக்கமாக வணங்கியது. சின்னவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் முன்னால் பார்த்தார்.

"கிளம்புடா" என்றார்.

நேர்ச்சாலை வரை வண்டி ராஜநடை போட்டது. கூட்டம் கைதட்டியது. நீரூற்று வந்தது. சின்னவர் மனதுக்குள் எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டுவிட்டு ஸ்டியரிங்கை ஒடித்தார். கால்வாசி வட்டம் போயிற்று. அரை வட்டமும் போயிற்று. முக்கால் வட்டத்தில் வண்டி வெளிப்பக்கம் சாய்ந்தது, அண்ணனும் அதோடு சேர்ந்து சாய்ந்தார்.

"கர்ர்ர்ர்ர்."

ரப்பர் கருகுகிற வாடை வந்தது. சின்னவர் கால் தானாக பிரேக்கில் போய் நின்றது.

"உரசிடுச்சு!" என்று அண்ணன் கையை நீட்டினார். "சாவியைக் குடு. நாளைக்கே ரம்பம் வரும்."

சின்னவர் சாவியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். என் எட்டுக் கிலோதான், என் எட்டுக் கிலோதான் என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. அப்பாவின் வண்டியைத் தன் வீண் ஜம்பத்துக்குப் பலி கொடுத்துவிட்டோமே என்று அழுகை முட்டியது. கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். மனைவி உதட்டைக் கடித்தார். மகள் நகத்தைப் பார்த்தாள். மச்சான் தசையை உள்ளே இழுத்துக்கொண்டான். எல்லோரும் அவரவர் கிலோவை நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குள் அந்த அம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்துவிட்டார். கையில் அந்தத் தாள்.

"சத்தம் எப்படி வந்துச்சு? எழுதிக் குடுத்த எடைக்கு எட்டு மில்லிமீட்டர் இடம் விட்டிருக்கேன். அது என் பொறுப்பு. களிமண் பொய் சொல்லாது. இந்தத் தாள்லதான் யாரோ பொய் எழுதியிருக்காங்க." தாளைத் தூக்கிக் காட்டினார். "அஞ்சு கையெழுத்து இருக்கு. தராசு அங்க இருக்கு. ஒவ்வொருத்தரா வந்து ஏறுங்க. இந்த எடைக்கே உரசிச்சுன்னா என் வேலை தப்பு, வண்டியை அறுத்துக்கங்க. எடை தப்புன்னா இந்தப் பந்தயமே செல்லாது."

செயலாளருக்கு உற்சாகம் பிடிபடவில்லை. "அன்பர்களே! இப்போது நம் ஊர்வலத்தில் முதல் முறையாக, வண்டியில் வந்தவர்களின் எடையும் அறிவிக்கப்படும்!"

மனைவி பின்னாலிருந்து குனிந்து சின்னவர் காதில் சொன்னார்: "நான் மட்டும் அந்தத் தராசுல ஏறினேன், நீங்க நம்ம வீட்டுப் படி ஏற முடியாது."

"ஏறித்தான் ஆகணும்" என்றார் சின்னவர் ஈனஸ்வரத்தில். ஆனால் அவரும் அசையவில்லை.

அண்ணன் கூட்டத்தைப் பார்த்தார். முன் வரிசையில் அவர் ஹோட்டலின் தினசரி வாடிக்கையாளர்கள் பதினைந்து இருபது பேர், வேகவைத்த காய்கறியைத் தின்று தின்று கன்னம் ஒட்டிப்போய், அவரை ஆவலோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான்கு வருஷம் இவருடைய பலகையை நம்பியவர்கள். செயலாளர் மைக்கில் ஊதிச் சரிபார்த்தார். அண்ணன் நெற்றியில் வேர்வை கோடு கட்டியது.

"ஏம்மா, எதுக்கு இந்த ரகளை?" என்றார் அவர் திடீரென்று. "டயர்ல காத்து கம்மியா இருந்திருக்கும். அதுவும் இல்லேன்னா ரோட்டுல கல்லு. எனக்கு உரசுன மாதிரியே இல்ல. டேய் தம்பி, உனக்குக் கேட்டுச்சா?"

சின்னவர் பின்சீட்டை ஒரு பார்வை பார்த்தார். "இல்லண்ணா."

"அப்புறம் என்ன? வண்டி உனக்கே. ஓட்டு, ஓட்டு. எல்லாரும் பாக்குறாங்க."

வண்டி "கர்ர்ர்" என்றபடியே மீதி வட்டத்தை முடித்தது. உள்ளே இருந்த ஐந்து பேருக்கும் ஒரு சத்தமும் கேட்கவில்லை.

அந்த அம்மாளுக்கு மட்டும் ஆறவில்லை. மறுநாளே டயரைப் பார்த்துவிட்டுச் சின்னவரைப் பிடித்துக்கொண்டார். டயரின் தோளில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வெட்டு.

"பந்தயத்துல ஜெயிச்சுட்டீங்க, சந்தோஷம். இப்படியே ரோட்டுல விட்டா டயர் வெடிக்கும். எனக்கு நெசமான எடை வேணும். பேரு வேண்டாம், கையெழுத்து வேண்டாம். ஒரு பெட்டியில துண்டுச்சீட்டு போடச் சொல்லுங்க. யாரு எவ்வளவுன்னு நான் கேக்க மாட்டேன்."

சின்னவர் காலி மூக்குக்கண்ணாடிப் பெட்டி ஒன்றை, விவரம் எழுதி ஒட்டி, கடைக் கவுன்டரில் வைத்தார். தன் சீட்டில் 66 என்று எழுதி, அடித்து, 74 என்று எழுதினார். எழுதியபின் எதையோ கழற்றி வைத்த மாதிரி இருந்தது. மனைவி கடைக்கு வந்து, கணவர் உள்ளே போகும்வரை காத்திருந்து போட்டார். மகள் போட்டாள். மச்சான் இருட்டுக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்து போட்டான். மூன்றாம் நாள் அண்ணன் வந்தார். கண்ணாடி மூக்கில் நிற்கவில்லையாம். மூன்று வருஷமாக இந்தக் கடைப் படி மிதிக்காதவர். பந்தயத்தைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. சின்னவர் கண்ணாடியை உள்ளே எடுத்துப்போய்த் திருகை முடுக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பட்டறையில் அந்த அம்மாள் பெட்டியைத் திறந்து சீட்டுகளை வரிசையாக அடுக்கினார். 55. 67. 71. 74. பிறகு தாளைப் பார்த்து, "எண்பத்தஞ்சுன்னு ஒருத்தர் எழுதியிருந்தாரே, அவரு கரைஞ்சு போயிட்டாரா?" என்றார். சின்னவர் கூரையைப் பார்த்தார்.

"இனிமே வீட்டு ஆளுங்க நாலு பேருதான் ஏறுவோம்னு சொன்னீங்க. அஞ்சாவது ஒரு சீட்டு இருக்கே?"

அது ஹோட்டல் பில் காகிதம். பின்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தது. சின்னவர் வாங்கிப் படித்தார்: "107. முன்னாடி வெயிட்டு ஜாஸ்தின்னா நான் பின்னாடி உக்காந்துக்கறேன்."

இரண்டாம் தடவை படிக்கும்போது எழுத்துக் கலங்கியது. அண்ணன் கேட்டது முன்பாதி. அந்த முன் சீட்டு இருக்கிற பாதி. பின்பாதியை நீயே வச்சுக்க என்றதுதான் சின்னவர் காதில் விழுந்திருந்தது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்த இடத்தில்தான் கடைசிவரை உட்கார்ந்திருக்க ஆசைப்பட்டிருக்கிறார் மனிதர். அதற்காக வண்டியை அறுக்கவும் துணிந்த மடையர். அவருக்குத் தம்பியாகப் பிறந்த இன்னொரு மடையர் இங்கே நிற்கிறார்.

"பின்னாடி உக்காந்தா நல்லதுதான் சார்" என்றார் அந்த அம்மாள், காதிலிருந்து பென்சிலை எடுத்தபடி. "முன்சக்கரத்துல பாரம் குறையும். உங்க டயர், வண்டியோட உயரம் எதையும் தொட வேண்டாம்."

"அவரு முன்னாடிதான் உக்காருவாரு மேடம்."

"அப்ப பழைய ஸ்பிரிங்கைப் போட்டு வண்டியை ஏத்தணும். அகல டயரையும் கழட்டணும். மறுபடி ஒல்லியா, உயரமா, உங்கப்பா வச்சிருந்த மாதிரியே ஆயிடும். குழுவுல ஒருத்தரும் இதயம் போட மாட்டாங்க."

"போடாட்டிப் போறாங்க."

வேலை நான்கு நாள் நடந்தது. கடைசி நாள் அந்த அம்மாள் களிமண்ணை உருட்டி ஒட்டிவிட்டு, முன் சீட்டுக்கான மணல் மூட்டைகளை எடுத்து வைக்கச் சொன்னார். இருபத்தைந்து கிலோ மூட்டை நான்கு ஏறியதும் சீட் பழையபடி "ஹூம்ம்" என்றது. கடைசி ஏழு கிலோவைச் சின்னவரே தூக்கிக்கொண்டு போய், முன் சீட்டில் வைத்தார்.